சவூதி ‘ஃப்ரீ விசா’: ஒரு கேள்வியும் அதன் தொடர்ச்சியும்

2025 ஜூலை 4 (வாசகர் கேள்வி)

அண்ணா, நான் ஐடிஐ எலக்ட்ரீஷியன், வயசு 24. ஏஜென்ட் ஒருத்தர் சவூதிக்கு ஃப்ரீ விசா இருக்கு, ஒன்றரை லட்சம் குடுத்தா ரெண்டு மாசத்துல ஏத்தி விட்டுடறேன்னு சொல்றார். அங்க போய் இறங்கினதும் யார்கிட்ட வேணும்னாலும் வேலை பாத்துக்கலாமாம். கம்பெனி விசாவுல போறவன் 1,200 ரியாலுக்கு மாட்டிக்கிட்டு இருக்கான், ஃப்ரீ விசாக்காரன் 3,000 எடுக்கறான்னு சொல்றார். என் மாமா பையனும் அப்படித்தான் போனான். பாஸ்போர்ட் குடுத்துட்டேன், பணம் இன்னும் குடுக்கல. போகலாமா?

ஜூலை 4, இரவு

பணம் கொடுக்காதே தம்பி. மாமா பையன் போனது இருக்கட்டும். முதலில் ஏஜென்டிடம் விசா தாளின் நகலைக் கேள், வாட்ஸப்பில் அனுப்பச் சொல். ‘வந்ததும் காட்டுறேன்’ என்றால் இன்னும் அவர் கையில் ஒன்றும் இல்லை. ‘பணம் கட்டினாதான் காட்டுவேன்’ என்றால் நீ பார்க்கக் கூடாத ஏதோ அதில் இருக்கிறது.

ஜூலை 5

நான் சவூதியின் தம்மாமில் ஒரு கான்ட்ராக்டிங் கம்பெனி ஆபீஸில் ஆட்களின் பேப்பர் வேலை பார்க்கிறேன். இக்காமா (இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) புதுப்பிப்பது, எக்ஸிட் ரீ-என்ட்ரி (ஊர் போய்த் திரும்பி வர அனுமதி) போடுவது, கீவா என்கிற அரசுத் தளத்தில் வேலை ஒப்பந்தம் ஏற்றுவது எல்லாம் என் மேஜை வழியாகப் போகிறவை. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சவூதி அரசு ‘ஃப்ரீ விசா’ என்று ஒன்றைத் தருவதில்லை. வேலை விசா என்றால் அதில் ஒரு முதலாளியின் பெயர் இருந்தே தீரும். இறங்கிய 90 நாளுக்குள் அவர் பெயரின் கீழ்தான் உனக்கு இக்காமா எடுக்க வேண்டும். தொழிலாளர் சட்டம் 39ஆம் பிரிவின்படி முதலாளி தன் ஆளை இன்னொருவரிடம் வேலைக்கு விடக் கூடாது, ஆளும் சொந்தக் கணக்கில் வேலை பார்க்கக் கூடாது. 38ஆம் பிரிவின்படி அனுமதியில் எழுதிய தொழிலை விட்டு வேறு தொழிலில் வைக்கக் கூடாது. ஏஜென்ட் உனக்கு விற்பது இந்த இரண்டையும் மீறுகிற ஏற்பாடு. கஃபீல், அதாவது விசா எடுத்த அந்த முதலாளி, பெயரைக் கடன் கொடுப்பார், நீ வெளியே வேலை தேடிக்கொள்வாய், மாதாமாதம் அவருக்கு ஒரு தொகை போகும்.

இனி அந்தத் தாள். 2023 மே மாதத்திலிருந்து நம் ஆட்களுக்குப் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, கியூஆர் குறி போட்ட ஏ4 தாள்தான். தூதரகத்தில் விசா பதியும் ‘ஸ்டாம்பிங்’ முடிவதற்கு முன்னால் ஏஜென்டிடம் இருப்பது கஃபீல் பக்கத்திலிருந்து வந்த தாள், அரபியில் இருக்கும். எதுவானாலும் போனில் படம் பிடித்து மொழிபெயர்ப்பில் போட்டுப் பார். மூன்று வரி போதும். கஃபீல் பெயர், கஃபீல் எண், ‘மிஹ்னா’ என்று போட்டிருக்கும் இடத்தில் உன் தொழில். கஃபீல் எண் 7-ல் ஆரம்பித்தால் பதிவு பெற்ற நிறுவனம். 1-ல் ஆரம்பித்தால் அது ஒரு சவூதிக் குடிமகனின் அடையாள எண், அதாவது தனி மனிதர் எடுத்த விசா. பெயர் வரியில் கம்பெனிப் பெயர் மாதிரி எதைச் சொன்னாலும் அந்த முதல் இலக்கத்தைப் பார்.

ஜூலை 6

‘அண்ணா, எண் 1-ல தான் ஆரம்பிக்குது. தொழில்ல சாயிக் காஸ்னு வருது’ என்று எழுதியிருக்கிறாய்.

சாயிக் காஸ் என்றால் வீட்டு டிரைவர். உன்னிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்றுகூட அவர் கேட்கவில்லை, பார்த்தாயா? நீ எலக்ட்ரீஷியனாக முறையாகப் போவதென்றால் தக்காமுல் திறன் தேர்வு எழுத வேண்டும். எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர், ஏசி மெக்கானிக் போன்ற தொழில்களுக்கு இந்தியாவிலேயே அந்தத் தேர்வு நடக்கிறது. டிரைவர் விசாவில் அனுப்பினால் ஏஜென்டுக்கு அந்தத் தலைவலி இல்லை. உனக்குப் பிடித்த தொழிலே உன் இக்காமாவில் இருக்காது. நாளைக்கு ஒரு நல்ல கம்பெனி எடுக்க நினைத்தாலும் உன் அனுபவத்தைக் காட்ட ஒரு தாள் கிடையாது.

ஜூலை 7

இன்னொருவர் கோபமாக எழுதியிருக்கிறார். ‘நான் 2009-லிருந்து ஃப்ரீ விசாதான். வீடு கட்டினேன், தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணினேன். பையனை ஏன் பயமுறுத்துறீங்க?’

அண்ணே, நீங்கள் சம்பாதித்ததை நான் மறுக்கவில்லை. 2009-ல் வந்தவர்கள் நிறைய பேர் அப்படித்தான் நிமிர்ந்தார்கள். அப்போது சோதனை குறைவு. ஆனால் 2013-ஐ நீங்களும் பார்த்திருப்பீர்கள். சட்டத்தைத் திருத்தி, கஃபீலை விட்டு வெளியே வேலை பார்ப்பவர்களைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஏப்ரலில் பேப்பரைச் சரிசெய்துகொள்ள மன்னர் அப்துல்லா மூன்று மாத அவகாசம் கொடுத்தார், பிறகு அது நவம்பர் 3 வரை நீண்டது. நவம்பர் 4 காலையிலிருந்து சோதனை. அந்த வாரம் நான் இருந்த பகுதியில் பாதிக் கடைகள் ஷட்டரைத் திறக்கவே இல்லை.

பக்கத்து அறையில் டைல்ஸ் போடும் ஒரு கொத்தனார் இருந்தார். அருமையான கைத்தொழில். மூலைக் கல்லை வெட்டி வைத்தால் நகம் நுழையாது. அவர் கஃபீலை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. இடையில் ஒரு ஆள் வருஷத்துக்கு ஒரு முறை வந்து பணம் வாங்கிப் போவார். அவகாசம் அறிவித்ததும் அந்த இடையாளின் போன் அணைந்துவிட்டது. பாஸ்போர்ட் கஃபீலிடம். கஃபீல் இருக்கும் ஊர் தெரியாது. கடைசியில் தூதரகத்தில் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக எமர்ஜென்சி சர்டிஃபிகேட் வாங்கி, தர்ஹீலில் (நாடு கடத்தும் அலுவலகத்தில்) கைரேகை வைக்க விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று ஊர் போனார். மிச்சச் சம்பளம் கேட்க அவருக்கு எந்த வழியும் இல்லை, ஏனென்றால் வேலை வாங்கியவர் பேப்பரில் அவருடைய முதலாளியே அல்ல. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான். பிடிபடுவதை விட, உழைத்த கூலிக்கு வழக்குப் போட முடியாத நிலை.

2017-ல் ‘மீறல் இல்லாத நாடு’ என்று மறுபடி 90 நாள் அவகாசம் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். இப்போதும் வாராவாரம் சோதனை நடக்கிறது.

ஜூலை 7, மாலை

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். வெளியே வேலை பார்க்கச் சட்டப்படி ஒரு வழி உண்டு. அஜீர் என்கிற அரசுத் தளம். உன் கம்பெனி அதில் பதிந்து உன்னை இன்னொரு கம்பெனிக்குக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கலாம். அந்த அஜீர் தாள் போனில் இருந்தால் சோதனையில் காட்டலாம். ‘வேற சைட்டுக்குப் போ’ என்று ஃபோர்மேன் சொன்னால் முதலில் அஜீர் போட்டாச்சா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

ஜூலை 9

‘இக்காமாவுக்கு வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்’ என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கணக்கைப் போடலாம்.

கம்பெனியில் வெளிநாட்டார் எண்ணிக்கை சவூதிகளை விட அதிகம் என்றால், 2020 முதல் ஒரு ஆளுக்கு மாதம் 800 ரியால் வரி. வருஷத்துக்கு 9,600. வேலை அனுமதிக் கட்டணம் 100. அதுதான் எல்லோரும் சொல்லும் 9,700. இதோடு இக்காமா 650. அப்புறம் மருத்துவக் காப்பீடு. ஆக பத்தாயிரத்துக்கு மேல். ஃப்ரீ விசாக்காரர் இதை முழுக்கத் தன் சட்டைப் பையிலிருந்து கொடுக்கிறார், கஃபீலின் மாதத் தொகை தனி. 3,000 எடுக்கிறார் என்று உன்னிடம் சொல்லப்பட்டதில் இதைக் கழி, அறை வாடகையைக் கழி, வேலை இல்லாத மாதங்களைக் கழி.

தொழிலாளர் சட்டம் 40ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஆளை வரவழைக்கும் செலவு, இக்காமா, வேலை அனுமதி, அவற்றைப் புதுப்பிப்பது, தாமதமானால் வரும் அபராதம், தொழில் மாற்றும் கட்டணம், எக்ஸிட் ரீ-என்ட்ரி, வேலை முடிந்தால் ஊருக்கு டிக்கெட், எல்லாம் முதலாளி தலையில். ஒரு ரியால்கூட ஆளிடம் வாங்கக் கூடாது.

இதில் பலருக்குத் தெரியாத இன்னொரு கணக்கு இருக்கிறது. முதலாளியும் சேர்த்து ஒன்பது பேருக்கு மேல் இல்லாத சிறு நிறுவனம், முதலாளி முழுநேரமும் அதிலேயே வேலை செய்கிறார் என்றால், இரண்டு வெளிநாட்டாருக்கு அந்த மாத வரி கிடையாது. கூட இன்னொரு சவூதி ஊழியர் இருந்தால் நான்கு பேருக்கு. சில வருஷத்துக்கு என்று கொடுத்த சலுகை, பிறகு நீட்டித்தார்கள். அப்படிப்பட்ட கஃபீலுக்கு உன் இக்காமா ஆயிரத்துக்குள் முடிந்துவிடும், காப்பீடு மட்டும் தனி. ஆனால் உன்னிடம் 9,700 என்றே வாங்குவார். வீட்டு டிரைவர் இக்காமா அதைவிடக் குறைவு, வருஷத்துக்கு 600 ரியால். உன் ஏஜென்டிடம் ஏன் இந்த இரண்டு வகை விசா மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது என்பது இப்போது புரிகிறதா?

ஜூலை 10

‘கஃபாலாவே ஒழிஞ்சிடுச்சு, இனி யார்கிட்ட வேணா போகலாம்னு வீடியோ போட்டிருக்காங்க’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கஃபாலா என்பது ஆளை ஒரு கஃபீலின் பெயரோடு கட்டி வைக்கும் முறை.

நடந்தது இது. 2021 மார்ச் 14 முதல், ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் முடித்தவர் கஃபீலின் தனாசுல் (விடுவிப்புக் கடிதம்) இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். கீவாவில் புதுக் கம்பெனி கேட்கும், நீ உன் கணக்கில் ஒப்புக்கொள்வாய், நோட்டீஸ் காலம் ஓடும். எக்ஸிட் ரீ-என்ட்ரியையும் அப்ஷர் என்கிற அரசு ஆப்பில் நீயே போட்டுக்கொள்ளலாம். நல்ல மாற்றம், என் கண்ணால் பார்த்த பலன். முன்பெல்லாம் ஒரு தனாசுல் கடிதத்துக்காக முதீர் (மேனேஜர்) அறை வாசலில் மாதக் கணக்கில் நின்றவர்கள் உண்டு.

ஆனால் இக்காமா இன்றும் ஒரு முதலாளி பெயரில்தான் இருக்கிறது. மாறுவது என்பது ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு. அந்தரத்தில் நிற்க இடம் இல்லை. அப்புறம், அந்த 2021 மாற்றத்தில் வீட்டு வேலைக்காரர்கள், வீட்டு டிரைவர், தோட்டக்காரர், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர், விவசாயக் கூலி சேரவில்லை. கேள்வி கேட்ட தம்பிக்கு வைத்திருந்த விசா அந்தப் பட்டியலில் இருக்கிறது.

ஜூலை 10, கொஞ்ச நேரம் கழித்து

கேட்டவருக்காக: ஒரு வருஷம் முடியாமலே மாற வழி இருக்கிறது. வந்து மூன்று மாதத்தில் ஒப்பந்தத்தைக் கீவாவில் ஏற்றவில்லை, இக்காமாவோ வேலை அனுமதியோ காலாவதி, தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் இல்லை. இப்படிப்பட்ட காரணங்களில் கஃபீல் சம்மதம் வேண்டாம்.

ஜூலை 14

ஹுரூப் பற்றி எழுதச் சொன்னீர்கள். ஆள் வேலைக்கு வராமல் ஓடிவிட்டார் என்று கஃபீல் பதிவதுதான் அது.

2015-லிருந்து இக்காமா ஐந்து வருஷ பிளாஸ்டிக் கார்டாகிவிட்டது. உள்ளே வருஷா வருஷம் கம்ப்யூட்டரில் புதுப்பிப்பார்கள், கார்டைப் பார்த்தால் எப்போது காலாவதி என்று தெரியாது. அதனால் பர்ஸில் கார்டு பளபளவென்று இருக்கிறவர் தனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

எங்களிடம் வேலை கேட்டு வந்த ஒரு பிளம்பருக்கு நேர்ந்தது. முன்பு இருந்த கம்பெனியில் சம்பளம் இழுத்தடித்தார்கள் என்று சில மாதமாக வெளியே இருந்தார். ஆளை எங்களுக்குப் பிடித்திருந்தது, எங்கள் கம்பெனிக்கு மாற்றம் போடலாம் என்று அப்ஷரைத் திறக்கச் சொன்னேன். அவருக்குக் கணக்கே இல்லை. சிம் வேறொருவர் பெயரில் இருந்ததால் ஓடிபி வரவில்லை. சிம்மை மாற்றி, கணக்குத் திறந்து, உள்ளே போனால் நிலை என்ற இடத்தில் ‘வேலைக்கு வரவில்லை’. கஃபீல் போட்டு நாளாகிவிட்டது. அவர் அந்த எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ‘கார்டு இருக்கே சார்’ என்றார்.

இப்போதைய விதிப்படி, வேலைக்கு வரவில்லை என்று முதலாளி கீவாவில் புகார் போட்டால் 60 நாள் அவகாசம் ஓடும். அதற்குள் வேறு கம்பெனிக்கு மாறலாம் அல்லது ஃபைனல் எக்ஸிட்டில், அதாவது வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போகலாம். தாண்டினால்தான் முழு ஹுரூப். அவருக்கு அந்த 60 நாள் தனக்குத் தெரியாமலே ஓடி முடிந்திருந்தது. தூதரகத்தில் பதிந்து ஊர் போனார்.

ஆகையால் இங்கே இருக்கிற ஒவ்வொருவரும் இன்று இரவே செய்யுங்கள். சிம் உங்கள் இக்காமா எண்ணில் இருக்கட்டும். அப்ஷர், கீவா இரண்டிலும் உங்கள் கையால் கணக்குத் திறந்து, பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காமல், மாதம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். முந்தூப் (கம்பெனியில் பேப்பர் வேலை பார்ப்பவர்) பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். நானே அந்த வேலையில் இருப்பவன், சொல்கிறேன்.

ஜூலை 15

கீவா ஒப்பந்தத்துக்கு நாமும் ஒப்புதல் கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், கீவாவில் ஒப்பந்தத்தை நீங்கள் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்த வேண்டும். அழுத்தும் முன் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வேலையை விட்டுக் கணக்கு முடிக்கும்போது, வாயால் பேசிய சம்பளம் எதுவும் எடுபடாது.

ஜூலை 19

ஒரு அக்கா கேட்டிருக்கிறார், கணவர் குடும்ப விசாவில் கூப்பிடுகிறாராம், தான் நர்சரி பள்ளியில் வேலை பார்க்கலாமா என்று.

அக்கா, குடும்ப இக்காமா தங்குவதற்கான அனுமதி. வேலைக்கு அது போதாது. பள்ளிகள் குடும்ப இக்காமாவில் இருப்பவர்களை அஜீர் வழியாக முறையாக எடுப்பதுண்டு. அந்தப் பள்ளியிடமே கேளுங்கள், ‘அஜீர் போடுவீர்களா’ என்று. தயங்கினால் சேர வேண்டாம், பிடிபட்டால் கணவரின் இக்காமாவுக்கும் சிக்கல். இன்னொன்று, குடும்பத்தில் தலைக்கு மாதம் 400 ரியால் வரி. நீங்களும் இரண்டு குழந்தைகளும் என்றால் வருஷத்துக்கு 14,400, இக்காமா புதுப்பிக்கும்போது முன்கூட்டியே கட்ட வேண்டும். 2017 ஜூலையில் நூறு ரியாலில் ஆரம்பித்து வருஷா வருஷம் நூறு ஏற்றினார்கள். அந்த நாட்களில் எங்கள் கட்டடத்தில் பள்ளி விடுமுறை வந்தால் மாடிப்படி முழுக்க அட்டைப் பெட்டி. குழந்தைகள் சைக்கிளை யாருக்குக் கொடுப்பது என்று அழும். சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபிறகு டிக்கெட் போடுங்கள்.

ஜூலை 22

இத்தனையும் படித்துவிட்டு ‘அப்ப கம்பெனி விசா பத்திரம்’ என்று முடிவு கட்டுகிறீர்கள். அவ்வளவு சுலபமாக நான் சொல்ல மாட்டேன். 7-ல் ஆரம்பிக்கும் எண்ணிலும் மோசமான இடங்கள் உண்டு. பெயருக்கு ஒரு பதிவு, பின்னால் வேலையே இல்லை, ஆளை அறையில் உட்கார வைத்து மாதக் கணக்கில் சோறு மட்டும் போடுவார்கள். இன்னொன்று நிதாகத், சவூதி ஆட்களை எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக் கம்பெனிக்கு நிறம் கொடுக்கும் முறை. சவூதிகளைப் போதிய அளவு வைக்காத கம்பெனி சிவப்பில் இருக்கும், அதற்கு வேலை அனுமதி புதுப்பிக்க விட மாட்டார்கள். இன்டர்வியூவில் ‘உங்க கம்பெனி என்ன நிறம்’ என்று கேட்கலாம். நல்ல கம்பெனி பச்சை என்று பட்டென்று சொல்லும்.

விசாவின் வகையை விட, அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒரு ஆளின் வார்த்தையை நான் நம்புவேன். ஏஜென்டிடம் கம்பெனிப் பெயர் வாங்கி, அதே கம்பெனியில் இருக்கும் நம்மவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, சம்பளம் எத்தனாம் தேதி வருகிறது என்று மட்டும் கேள். தேதியைத் தயங்காமல் சொன்னால் போகலாம்.

ஜூலை 23

தம்பியின் பாஸ்போர்ட்டை ஏஜென்ட் தர மறுக்கிறாராம், ‘கேன்சல் சார்ஜ்’ 20,000 கேட்கிறாராம்.

கொடுக்காதே. பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து, 1967ஆம் வருஷப் பாஸ்போர்ட் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அதைப் பிணையாக வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை கிடையாது. அவருடைய உரிம எண்ணைக் கேள், மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியலில் தேடு. உரிமம் இருந்தால்கூடச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. ஒன்றரை லட்சம் கேட்டதே விதிமீறல். உரிமம் இல்லை என்றால் 1983ஆம் வருஷக் குடியேற்றச் சட்டப்படி அது குற்றம். எழுத்தில் ஒரு புகார் தயார் பண்ணி, சென்னையில் இருக்கும் குடியேற்றப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் அனுப்பப் போகிறேன் என்று நகலை அவரிடமே காட்டு. பெரும்பாலும் அந்த இடத்திலேயே பாஸ்போர்ட் வரும். வராவிட்டால் அனுப்பு.

நீ பத்தாவது தேறியவன், அதனால் உன் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி முத்திரை தேவைப்படாது. அதை ஒரு வசதி என்று எல்லோரும் சொல்வார்கள். முத்திரை தேவைப்படுகிறவரின் ஒப்பந்தத்தை அரசு ஒரு தடவை பார்க்கும், உன்னுடையதை யாரும் பார்க்க மாட்டார்கள். நீயே பார்க்க வேண்டும். முறையாக ஆள் எடுக்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பதிந்து வை.

ஆகஸ்ட் 2

பாஸ்போர்ட் வந்துவிட்டது என்று எழுதியிருந்தான். சந்தோஷம். தக்காமுல் தேர்வுக்குப் படிக்கிறானாம்.

ஆகஸ்ட் 11

ஃபைனல் எக்ஸிட் அடித்தாகிவிட்டது, நாலு மாதச் சம்பளம் பாக்கி, என்ன செய்வது என்று ஒருவர் தனியாகக் கேட்டார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எக்ஸிட் போட்டபின் 60 நாளுக்குள் வெளியேற வேண்டும். அதற்குள் மனிதவள அமைச்சகத்தின் சமரசப் பிரிவில் ஆன்லைனில் புகார் போடுங்கள். அங்கே 21 நாள் பேச்சுவார்த்தை. ஒத்துவரவில்லை என்றால் வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும். தொழிலாளிக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. வேலை முடிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் போட்டாக வேண்டும், அதற்குப் பிறகு எடுக்க மாட்டார்கள். ஊருக்குக் கிளம்பியே ஆக வேண்டும் என்றால், நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டுப் போங்கள். கீவா ஒப்பந்தம், வங்கியில் சம்பளம் ஏறிய பக்கங்கள், வருகைப் பதிவின் படம், இவற்றைப் போனில் வைக்காமல் மெயிலில் போட்டு வையுங்கள், ஏனென்றால் சவூதி சிம் செத்ததும் அப்ஷருக்குள் நுழைய முடியாது.

கிளம்பும் நாளில் டிக்கெட்டோடு ஒரு அரபித் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். அநேகமாக ‘எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்’ என்று இருக்கும். கார் கீழே காத்திருக்கிறது, விமானத்துக்கு நேரமாச்சு என்று அவசரப்படுத்துவார்கள். படம் எடுத்து மொழிபெயர்ப்பில் படித்து முடிக்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள். பாக்கி வராமலே கையெழுத்துப் போட்டாக வேண்டிய நிலை வந்தால், தொகையைக் குறிப்பிட்டு ‘இவ்வளவு வரவில்லை’ என்று தமிழிலாவது பக்கத்தில் எழுதி, அந்தத் தாளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.